வண்டி யார் பொறுப்பு? நீலகிரி இறக்கமும் அமெச்சூர் சைக்கிள் ரேஸும்

நீலகிரியில் எவ்வளவு சின்ன சைக்கிள் ரேஸ் நடந்தாலும், சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் நம்பர் வாங்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதில் எப்படியும் இரண்டு வரி இருக்கும். சைக்கிளும் ஹெல்மெட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கலந்துகொள்பவரின் பொறுப்பு என்பது ஒன்று. வழியில் எது நடந்தாலும் நடத்துபவர்கள் பொறுப்பல்ல என்பது இன்னொன்று. காலைக் குளிரில் கை விறைத்து நிற்கும்போது அதை யாரும் படிப்பதில்லை, கையெழுத்தைப் போட்டுவிட்டு வார்ம்-அப்புக்குப் போய்விடுவோம். முதல் வரி நியாயமானது, முழுசாக ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் முதல் வரியும் கெட்டுப்போகிறது என்பதுதான் என் கருத்து. அதை இந்த மலைச் சாலைகளை வைத்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் முழங்கால் சிராய்ப்போடு முடிகிற ஒரு பிரேக் கோளாறு இங்கே அப்படி முடிவதில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில். நடுவில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த 1,900 மீட்டர் இறக்கத்தில் அவிழும் ஆற்றல் கிட்டத்தட்ட 1,600 கிலோஜூல், அதாவது ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் டயர் உருள்வதில் போகும், மிச்சம் முழுவதும் உங்கள் ரிம்மிலோ டிஸ்க்கிலோதான் இறங்கியாக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், மெதுவாக இறங்குபவரின் பிரேக்தான் மொத்தத்தில் அதிகச் சூட்டை வாங்குகிறது. வேகமாகப் போகிறவருக்குக் காற்றே பாதி பிரேக் போடும். பயந்து, லிவரை விடாமல் பிடித்தபடி இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவருக்குக் காற்றின் உதவி கிடையாது, ரிம் ஆறுவதற்கு இடைவெளியும் கிடையாது. அமெச்சூர் ரேஸில் முதல் முறை மலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவர்கள் வண்டியைக் கொதிக்க வைக்கிறார்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டு, நேர்ச் சாலையில் ரிம்மை ஆறவிட்டு இறங்க வேண்டும் என்பதை யாராவது முன்னாடியே சொல்லித்தர வேண்டும்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? அலுமினிய ரிம் சூட்டைக் கடத்திவிடும், ஆனாலும் உள்ளே இருக்கும் ட்யூபின் காற்றழுத்தம் கூடும், பழைய ஒட்டுப் போட்ட இடம் விட்டுக்கொடுக்கும். கார்பன் ரிம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது, கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் என்ற பசை ஒரு அளவுக்கு மேல் இளகும், டயரின் விளிம்பு உட்காரும் இடம் வளையும். அதனால்தான் கார்பன் ரிம்முக்கு என்று தனி பிரேக் ரப்பர் விற்கிறார்கள், சாதாரண ரப்பரைப் போட்டு ஓட்டினால் ரிம் கதை முடிந்தது. செகண்ட் ஹேண்டில் கார்பன் சக்கரம் மட்டும் வாங்கி, பழைய வண்டியில் இருந்த ரப்பரையே விட்டுவிட்டு மலைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். தொழில்முறை வீரர்களுக்கே இறக்கம் எப்படித் திருப்பிக்கொள்ளும் என்பதற்கு 2003 டூர் டி பிரான்ஸ் ஒரு உதாரணம். காப் நகரத்துக்கு இறங்கும் வழியில், வெயிலில் இளகிக் கிடந்த தாரில் ஹோசேபா பெலோகியின் பின் சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மை விட்டே கழன்றது. தொடை எலும்பு முறிந்தது, அதற்கப்புறம் பழைய பெலோகியாக அவர் திரும்பவே இல்லை.

டிஸ்க் பிரேக் வந்தபின் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது, மழையிலும் பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே அதிகம் ஓடும் குறைந்த விலை கியர் சைக்கிள்களில் இருப்பது கேபிளில் இழுக்கும் டிஸ்க். பேட் தேயத் தேய லிவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், யாராவது கையால் திருகி நெருக்க வேண்டும். ஹைட்ராலிக் மாதிரி அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. டிஸ்க் இருக்கிறது என்ற தைரியத்தில் அதை மாதக் கணக்கில் தொடாமல் விடுவார்கள். ஒரு நீள இறக்கத்தின் பாதியில் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும், அதற்கு மேல் இழுக்க ஒன்றும் இருக்காது.

ஈரமான சாலையை ஒரு கணக்கு போட்டே பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 14 மீட்டர். எட்டு சதவீதச் சரிவில், காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு நிற்க இருபத்துச் சொச்ச மீட்டர் ஆகும். பிடிப்பு பாதியாகக் குறைந்தால் நிற்கும் தூரம் இரட்டிப்பாவதோடு நிற்காது, சரிவு இழுப்பதால் ஐம்பத்தைந்து அறுபது மீட்டர் வரை போகும். சுதாரித்து லிவரைப் பிடிக்க ஒரு வினாடி ஆனால் அதற்குத் தனியாகப் பதினான்கு மீட்டர். பர்லியாறு பக்கமோ கோத்தகிரிச் சாலையிலோ எத்தனை வளைவில் உங்களுக்கு எழுபது மீட்டர் முன்னால் தெரியும்? அதிலும் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கே மங்கல்தான். நனைந்த அலுமினிய ரிம்மில் பிரேக் ரப்பர் முதல் சில சுற்றுகளில் தண்ணீரைத் துடைப்பதோடு சரி, அப்புறம்தான் பிடிக்கவே ஆரம்பிக்கும். இதோடு நம் சாலைக்கே உரிய சங்கதிகள் இருக்கின்றன. சில்வர் ஓக் இலை கொட்டிக் கிடக்கும் ஓரம், தேயிலை ஏற்றிப் போகும் வண்டி சிந்திய டீசல், குன்னூரில் மலை ரயில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டும் இடம், டிசம்பர் ஜனவரியில் விடிகாலை உறைபனி, எந்த வளைவிலும் நின்றுகொண்டிருக்கக்கூடிய காட்டெருமை. சாலையில் இத்தனை இருக்கும்போது வண்டியும் கைகொடுக்காமல் போனால் ஓட்டுபவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

சரி, ஓட்டுபவரின் பொறுப்பு என்று எதைச் சொல்லலாம்? கையில் எடுத்துப் பார்க்க முடிகிற எல்லாமே அவருடையது. பிரேக் லிவரை முழுப் பலத்தோடு அழுத்தினால் அது ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரல் தள்ளியே நிற்க வேண்டும். பிரேக் ரப்பரில் வெட்டுக்கோடு மறைந்திருந்தால் மாற்றியாக வேண்டும், அது ரிம்மைத் தொட வேண்டுமே தவிர டயரை உரசக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்கில், டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டால் ரிம் கோட்டம் தெரிந்துவிடும், ஸ்போக்ஸை இரண்டிரண்டாக அழுத்திப் பார்த்தால் எது தளர்ந்திருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். சக்கரத்தைப் பூட்டும் குயிக் ரிலீஸை நட்டு மாதிரி சுற்றியே இறுக்கிவிட்டு லிவரை மடக்காமல் வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஹேண்டில்பார் முனையில் அடைப்பான் இல்லையென்றால், விழும்போது அந்தத் திறந்த குழாய் சதையை வட்டமாக வெட்டி எடுத்துவிடும். இது உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் வருபவருக்கும் நடக்கலாம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டைப் பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கச் சொல்வார்கள். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவதற்காக ஹேண்டில்பாரைக் கழற்றித் திருப்பிவிட்டு, இறங்கியதும் குத்துமதிப்பாக இறுக்குகிற பழக்கம் கார்பன் ஹேண்டில்பாரில் கடைசியில் விரிசலாக வந்து நிற்கும்.

டயர் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், இது புதிய சிக்கல். இப்போது வரும் பல கார்பன் சக்கரங்களில் ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி இல்லை, ஹுக்லெஸ் என்கிறார்கள். அதில் டயருக்கு உச்ச அழுத்தம் 5 பார், அதாவது 72, 73 பிஎஸ்ஐதான், டயரும் அதற்கென்று ஒத்துக்கொள்ளப்பட்ட ரகமாக இருக்க வேண்டும். நம் ஊரில் ரோடு சைக்கிள் என்றால் நூறு பிஎஸ்ஐ அடிப்பது என்பது மனசில் பதிந்துபோன எண். பம்ப்பைக் கடன் கொடுக்கும் நண்பரும் அதே எண்ணைத்தான் சொல்வார். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த தொழில்முறைப் போட்டியில் தாமஸ் டி கென்ட் என்ற பெல்ஜிய வீரர் விழுந்தபோது டயர் இந்த வகை ரிம்மை விட்டு வெளியே தொங்கியது, அதற்கப்புறம் ஹுக்லெஸ் பாதுகாப்பானதா என்ற விவாதம் பெரிதாக வெடித்தது. அணி மெக்கானிக்குகளோடு பயணிக்கிறவர்களுக்கே இது விவாதம் என்றால், சக்கரத்தைப் பழைய விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு வருபவருக்கு இதை யார் சொல்வது? விற்ற கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுப்பு ஓட்டுபவரைத் தாண்டி நகர ஆரம்பிக்கிறது.

சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் விதிப் புத்தகத்தில் இதைப் பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு வீரரும் தன் சைக்கிள், அதில் பொருத்திய சாமான்கள், ஹெல்மெட், உடை எதுவும் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் விதியின் சாரம். அடுத்ததாக, வீரர் எந்தச் சாமானைத் தேர்ந்தெடுத்தார், அதில் என்ன குறை இருந்தது என்பதன் விளைவுகளுக்கு ஒன்றியம் பொறுப்பாகாது என்று வருகிறது. நடுவர்கள் வண்டியைச் சோதிப்பதெல்லாம் விளையாட்டு விதிகளுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் படிவங்களில் இருக்கும் வாசகம் இந்த மரபிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் அந்த விதி எழுதப்பட்ட உலகத்தைப் பாருங்கள். அங்கே வீரருக்குப் பின்னால் ஒரு அணி இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார், உதிரிச் சக்கரத்தோடு கார் வருகிறது. "வண்டி உன் பொறுப்பு" என்றால் அங்கே அது ஒரு அணியின் பொறுப்பு. இங்கே அதே வரி, கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பஸ் ஏறி வந்த ஒரு தனி ஆளின் தலையில் இறங்குகிறது.

அந்த விதியில் நமக்கு வேண்டிய சொல் "மற்றவருக்கோ" என்பதுதான். எல்லோரும் கும்பலாகப் புறப்படும் ரேஸில் என் பிரேக் என் சொந்த விஷயம் இல்லை. என் வண்டி நிற்காவிட்டால் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தில்தான் போய் நிற்கும், அவர் எந்தப் படிவத்திலும் என் பிரேக்குக்குக் கையெழுத்துப் போடவில்லை. அப்படியென்றால் எல்லோருடைய வண்டியையும் ஒருவர் பார்த்தாக வேண்டும், அந்த இடத்தில் இருப்பது நடத்துபவர் மட்டும்தான்.

இதைச் சொன்னால் நடத்துபவர்கள் தயங்குகிறார்கள். நாங்கள் சோதித்து அனுப்பிவிட்டு, அப்புறம் அந்த வண்டியே உடைந்தால், பார்த்துத்தானே அனுப்பினீர்கள் என்று எங்கள் மேல் வராதா என்று கேட்கிறார்கள். ஆகவே எதையும் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வருகிறார்கள். பயம் புரிகிறது, முடிவு தவறு. இரண்டு நிமிடச் சோதனையில் கார்பன் போர்க்கின் உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க முடியாது, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பிரேக், டயர், ஹெட்செட், சக்கரம் இறுகியிருக்கிறதா, ஹேண்டில்பார் அடைப்பான், ஹெல்மெட் வார், இந்த ஆறையும் பார்க்க முடியும். இவ்வளவுதான் பார்த்தோம், மற்றது உங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பார்க்க முடிகிறதைப் பார்க்காமல் விட்டதற்குத்தான் பதில் சொல்வது கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் படிவம் நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான் பாதிக் காரியம் நடக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொது இடத்தில் மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ரேஸ் நடத்துவதைத் தண்டிக்கிறது, ஆனால் அது மோட்டார் வண்டிகளுக்கு மட்டும். சைக்கிள் அதில் வராது, போலீஸ், மாவட்ட நிர்வாகம், காட்டு வழியென்றால் வனத்துறை என்று தனித்தனியாக அனுமதி வாங்கித்தான் நடத்துகிறோம். அனுமதி வாங்கியதால் அலட்சியத்துக்கு விலக்கு கிடைத்துவிடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறை. அது அரசு தொடுக்கும் குற்ற வழக்கு, இரண்டு தனி ஆட்கள் போட்டுக்கொண்ட காகிதத்தால் அதை அடைக்க முடியாது. இன்னொரு பக்கம் 25-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 87, விளையாட்டுக்கு ஒத்துக்கொண்டவர் அந்த விளையாட்டால் வரும் காயத்துக்கும் ஒத்துக்கொண்டவர் என்ற கருத்தைச் சொல்கிறது. அதற்கு வாள்சண்டையையே உதாரணமாகக் காட்டி, முறைகேடு இல்லாத ஆட்டத்தில் வரும் காயம் என்று வரம்பும் போடுகிறது. வளைவில் வழுக்கி விழுவது விளையாட்டின் பங்கு, அதற்கு நான் ஒத்துக்கொண்டுதான் வருகிறேன். ரேஸ் நடக்கும்போது எதிரே லாரியை விட்டுவிட்டால் அது விளையாட்டின் பங்கு கிடையாது.

ஒத்துக்கொள்ளும் அந்த ஆள் பதினெட்டு வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவிலேயே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, 1903-லேயே மொஹோரி பீபி வழக்கில், அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் சைக்கிள் ரேஸ் என்ற உடனே நிறையப் பேருக்கு நினைவு வருவது அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டம்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டிதான். 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று பிரிவு, கியர் இல்லாத சாதாரண சைக்கிள், அதைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அதில் ஓடுவது பலருக்கும் அண்ணனோ அக்காவோ பதினோராம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மிதிவண்டி. உருப்படியான போட்டி, எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் ரேஸே அதுதான், அது நிற்கக் கூடாது. ஆனால் பொதுவாகவே பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்தும் போட்டிகளில், அது கிளப்போ சங்கமோ யார் நடத்தினாலும், விபத்துக்குக் கலந்துகொள்பவரே பொறுப்பு என்ற வாசகம் பழக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் உன் பிரேக்குக்கு நீதான் பொறுப்பு என்று சொல்வதில் சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. அந்த வண்டியைப் பெரியவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வரிசையில் விட வேண்டும். சமவெளி மாவட்டத்தில் அந்தப் பிள்ளை ஓட்டுவது தட்டைச் சாலை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பதினைந்து கிலோமீட்டர் தட்டைச் சாலை எங்கே இருக்கிறது?

கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் விளையும் தீங்குக்குப் பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது, தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மூவரையும் அது தொடுகிறது. அதே சமயம் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மேல் போக முடியாது. நம் வண்டிகளில் பாதி மாற்றியமைத்தவைதான். ஆகவே நடைமுறையில் எது உதவும் என்றால், ரேஸுக்கு முன் சர்வீஸுக்கு விடும்போது மலை இறக்கத்துக்குப் போகிறது என்று சொல்லி விடுவது, என்ன மாற்றினார் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது. நல்ல மெக்கானிக் மலை என்று கேட்டதும் கேபிளை அவராகவே மாற்றிவிடுவார்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ரேஸில் பெரிய சாமான் சைக்கிள் இல்லை, சாலை. அதைத் தேர்ந்தெடுப்பது நடத்துபவர் மட்டும்தான். எங்கே புறப்பட்டு எங்கே முடிப்பது என்று வரைபடத்தில் கோடு போடும் நிமிடத்திலேயே பாதிப் பாதுகாப்பு முடிவாகிவிடுகிறது. கல்லட்டிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தா வரை 36 கொண்டை ஊசி வளைவு, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கிலும் அதற்கு மேலும் ஏற்றம். பிரேக் பிடிக்காமல் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்த சாலை, வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடே இருக்கிறது. அதே சாலை ஏற்றத்தில் சைக்கிள்காரர்களுக்குப் பொக்கிஷம். ஏறும்போது மணிக்கு எட்டு பத்து கிலோமீட்டர் வேகம், விழுந்தாலும் நின்ற இடத்தில் விழுவதுதான், யார் பலசாலி என்பதும் அங்கேதான் தெரிகிறது. 2008-லிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரீஸ் என்ற பல நாள் சைக்கிள் பயணத்தில் கல்லட்டி ஏற்றம் பேர் வாங்கியது இப்படித்தான். பயணம் நீளமாக இருக்கும், போட்டி குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் நேரம் எடுப்பதாக இருக்கும்.

அமெச்சூர் ரேஸ் மலையில் நடந்தால் முடிவுக்கோடு உச்சியில் இருக்க வேண்டும், இறக்கத்தில் கடிகாரம் ஓடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. இறங்கும் திறமையும் சைக்கிள் ரேஸின் ஒரு பகுதிதானே என்று வாதம் செய்பவர்கள் உண்டு. உண்மைதான், மூடிய சாலையில், மெத்தை கட்டிய வளைவில், தினமும் ஆறு மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கும் அது போதவில்லை. 1995-ல் ஃபாபியோ கசார்தெல்லி, 2011-ல் வவுட்டர் வெய்லண்ட், 2023-ல் ஜீனோ மேடர், மூன்று பேரும் இறக்கத்தில் விழுந்து இறந்தவர்கள். நம் சாலை மூடப்படுவதில்லை, எதிரே அரசுப் பேருந்து வரும், கோடை சீசனில் ஏற ஒரு வழி இறங்க ஒரு வழி என்று பிரித்தும் நெரிசல் தீர்வதில்லை. இந்தச் சாலையில் மூன்று வினாடி மிச்சம் பிடிப்பதற்கு ஒருவர் பிரேக்கை விட்டுவிட வேண்டும் என்கிற நிலைமையை நாமே உருவாக்கிவிட்டு, அப்புறம் அவரைப் பொறுப்போடு ஓட்டச் சொல்வது முறையில்லை. கும்பலாகப் புறப்படுவதற்குப் பதில் ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியாக விட்டால் இன்னும் நல்லது, ஒருவர் வண்டிக் கோளாறு இன்னொருவரைத் தொடாது.

ஹெல்மெட் பற்றி இப்போது யாரும் சண்டை போடுவதில்லை, ஒரு காலத்தில் போட்டார்கள். 1991-ல் கட்டாயமாக்கப் பார்த்தபோது பாரிஸ்-நீஸ் போட்டியில் வீரர்களே எதிர்ப்புக் காட்டினார்கள், யூசிஐ பின்வாங்கியது. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்-நீஸில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் இறந்தார், மே மாதம் கட்டாயமாகிவிட்டது. நமக்குத் தெரிய வேண்டியது ஹெல்மெட்டின் வரம்பு. அமெரிக்கத் தரச் சோதனையில் தட்டையான இரும்பின் மேல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் அளவுதான். ஐரோப்பிய இஎன் 1078 தரத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சைக்கிள் உயரத்திலிருந்து தலை தரைக்கு வரும் வேகத்துக்கு அது பொருந்தும். ஐம்பதில் போய் ஓரக் கல்லிலோ மரத்திலோ நேராக மோதுவதற்கு அது செய்யப்பட்டதே இல்லை. உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை ஒரு முறைதான் நசுங்கும், விழுந்த ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. அதனால் இரவல் ஹெல்மெட்டோடு வருபவரை நான் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். வார் தளர்ந்து பின்மண்டையில் தொங்கும் ஹெல்மெட்டைச் சோதனை மேஜையிலேயே பிடித்துச் சரிசெய்துவிட வேண்டும்.

விழுந்தவரைக் கண்டுபிடிப்பது இன்னொரு தனிப் பாடம். 2024 செப்டம்பரில் சூரிச்சில் நடந்த உலக ஜூனியர் போட்டியில், பதினெட்டு வயது ம்யூரியல் ஃபுரர் மழையில் காட்டுப் பகுதி இறக்கத்தில் விழுந்தார். விழுந்ததே நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை, மறுநாள் இறந்தார். சுவிட்சர்லாந்தில், உலகப் போட்டியில். அடுத்த வருடம் ருவாண்டாவின் கிகாலியில் எல்லா வீரர்களுக்கும் ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். நம் மலையில் வளைவின் ஓரம் தாண்டினால் தேயிலைச் செடியோ சோலையோ மூடிக்கொள்ளும், பாதி இடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. ஜிபிஎஸ் வாடகைக்கு எடுக்கக் காசு இல்லாவிட்டால் போகட்டும், ஒரு நோட்டும் பேனாவும் போதும். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒருவர் நின்று பிப் நம்பரை எழுதி, அடுத்த இடத்துக்குச் சொல்லி, வராத நம்பரைப் பத்து நிமிடத்துக்குள் தேட ஆரம்பிப்பது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி மெதுவாக, ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். போட்டி முடிந்து கீழே இறங்குகிறவர்களையும் எண்ண வேண்டும், நேரம் எடுக்காத இறக்கத்திலும் மனிதர்கள் விழுகிறார்கள்.

108-ஐக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது, அது அந்த நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறதோ. ரேஸுக்கென்று ஒரு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், அது புறப்பட்டுவிட்டால் திரும்பும் வரை ரேஸ் நிற்க வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல், ஆனாலும் மோசமான தலைக்காயத்தை இன்னமும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம், அது இதே வளைவுகள் வழியாக மூன்று மணி நேரம்.

சோதனை கடுமையானால் ஏழைப் பையன்கள் வெளியே நிற்பார்கள் என்று ஒரு கவலை எழும், அது சரியான கவலை. படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஏற்றத்தில் யாரையும் திணறடிப்பார்கள், அவர்களுடைய சைக்கிள்தான் பின்தங்கியிருக்கும். அவர்களைத் திருப்பி அனுப்பி ஒரு பாதுகாப்பான ரேஸ் நடத்துவதில் எனக்கு விருப்பம் இல்லை. சோதனை மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக்கை உட்கார வைக்கலாம். பிரேக் ரப்பர், கேபிள், ட்யூப், ஹேண்டில்பார் அடைப்பான் எல்லாம் ஒரு பெட்டி. ரப்பர் ஒரு ஜோடி சில நூறு ரூபாய்க்குள் முடியும், பரிசளிப்பு மேடைக்குப் போடும் பந்தல் செலவில் முப்பது வண்டிக்கு மாற்றிவிடலாம். சோதனையை முந்தின நாள் சாயங்காலம் வைத்தால் குறை தெரிந்ததும் ராத்திரிக்குள் சரிசெய்ய நேரம் இருக்கும். காலையில் வரிசையில் நிற்கும்போது திருப்பி அனுப்பினால் அழுகையும் சிபாரிசும்தான் வரும், கடைசியில் போகட்டும் விடுங்கள் என்று விட்டுவிடுவார்கள்.

விபத்து நடந்துவிட்டால், ஆளை ஏற்றி அனுப்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த சைக்கிளை அப்படியே எடுத்து வைப்பது. இங்கே நடப்பது நேர்மாறு. நண்பர்கள் பரிவோடு ஹேண்டில்பாரை நேராக்கி, கழன்ற சக்கரத்தை மாட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள், என்ன உடைந்து விழுந்தார் என்பது அதோடு அழிந்துபோகும். கேபிள் அறுந்திருந்ததா, டயர் கழன்றிருந்ததா, ரிம் எவ்வளவு சூடு, எந்த வளைவு, சாலையில் என்ன கிடந்தது, எத்தனை மணி, இதைப் போட்டோவோடு ஒரு பக்கம் எழுதி, யார் மேல் தப்பு என்ற பேச்சை எடுக்காமல், இந்த மலையில் ரேஸ் நடத்தும் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். அடுத்த ரேஸுக்கு வழி தேர்ந்தெடுக்க உட்காரும்போது அந்தக் குறிப்பு மேஜையில் இருந்தால், எந்த வளைவில் ஆள் நிறுத்துவது, எந்தச் சாமானைச் சோதனையில் சேர்ப்பது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.